வீட்டில் கட்டிய விமானத்தின் வயரிங் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணம் வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில், செம்பனை மரங்களுக்கு நடுவே தகரக் கொட்டகையில் வைத்துக் கட்டிய இருவர் அமரும் விமானத்தில் ரேடியோவோ கருவித் திரையோ மக்கர் செய்தால், அந்தப் பெட்டியையே கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அனுப்புவதற்கு முன் அதன் பின்னால் வரும் வயர்களை அளந்து பாருங்கள். திரும்பத் திரும்ப நான் சரிசெய்து வரும் கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை விலையுயர்ந்த பெட்டிகளுக்குள் இருந்ததில்லை. ஒரு கிரிம்பிலோ (வயர் நுனியில் நசுக்கிப் பொருத்தும் முனை), ஓர் எர்த் இணைப்பிலோ (மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி), பச்சைக் களிம்பு பிடித்த ஒரு கனெக்டர் ஊசியிலோதான் இருந்திருக்கின்றன. காலைப் பனி, பிற்பகல் மழை, மூடிய கொட்டகையின் புழுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த நம் தட்பவெப்பம் அத்தகைய இணைப்புகளை விரைவில் கெடுத்துவிடுகிறது.

கீழே உள்ளவை 12 வோல்ட் அமைப்புக்கானவை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத சோதனை முதலிலும், செலவு மிகுந்தது கடைசியிலும் வரும். ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒன்று, நீளமான சோதனை வயர்கள், உங்கள் விமானத்தின் வயரிங் வரைபடம் ஆகியவை கையில் இருக்க வேண்டும். இக்னிஷன் அணைந்திருந்தாலும் சுழல்விசிறி எந்த நேரமும் சுழலக்கூடும் என்றே எண்ணி, அதன் சுழற்சி வட்டத்துக்கு வெளியில் நின்றே வேலை செய்யுங்கள். எந்தக் கோளாறையும் பறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். இங்குள்ள எல்லாச் சோதனைகளும் தரையில் செய்யக்கூடியவை.

அறிகுறி 1: மாஸ்டர் சுவிட்சைப் போட்டும் எதுவும் இயங்கவில்லை

*மாஸ்டர் ரிலேயின் (பேட்டரியை விமானத்தோடு இணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) 'டிக்' ஒலி கேட்கவில்லை என்றால்:* பேட்டரியின் முனைகளில் அளந்து பாருங்கள். ஓய்வில் இருக்கும் முழு மின்னேற்றமுள்ள ஈய-அமில பேட்டரி 12.7 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம். பேட்டரி நன்றாக இருந்தால், ரிலே காயிலின் எர்த் வயரையும், அது மாஸ்டர் சுவிட்சில் சேரும் இடத்தையும் பாருங்கள். பெரும்பாலான விமானங்களில் இந்தச் சுவிட்ச் எர்த் பக்கத்தையே இணைத்துத் துண்டிக்கிறது. ஆகவே அந்த ஒரு மெல்லிய வயர் கழன்றால் விமானம் முழுவதும் இயங்காமல் போகும்.

*'டிக்' கேட்கிறது, ஆனால் மின்சாரம் வரவில்லை என்றால்:* ரிலேயின் இரு தடித்த முனைகளுக்கு இடையே அளவுங்கள். ரிலே மூடியிருக்கும்போது அங்கே ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் உள்ளே தொடுமுனைகள் கருகிவிட்டன. ரிலேயை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அதைத் தட்டி எழுப்பிப் பறப்பது கூடாது.

அறிகுறி 2: என்ஜினைத் தொடங்கும்போது திரை அணைந்து மீண்டும் எழுகிறது

ஸ்டார்ட்டர் சுழலும்போது இரண்டு இடங்களில் வோல்ட்டேஜை அளக்க வேண்டும்: பேட்டரியின் முனைகளில் ஒன்று, திரையின் பின்புறக் கனெக்டரில் மற்றொன்று. சோதனை வயர்களை முன்கூட்டியே விமானி அறைக்குள் கொண்டுவந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே படியுங்கள்.

இரண்டு இடங்களிலும் ஒன்றுபோல 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. பேட்டரியில் 11 நிற்க, திரையில் 9 மட்டுமே வந்தால், அந்த 2 வோல்ட்டை வழியில் ஏதோ ஓர் இணைப்பு விழுங்குகிறது. திறக்காத குழாயில் அழுத்தம் எப்போதும் நன்றாகவே தெரியும், திறந்த பிறகுதான் அடைப்பு வெளிப்படும். அதைப் போலவே, சுமை இல்லாமல் அளந்த வோல்ட்டேஜ் எந்த இணைப்பைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. பேட்டரி முனையிலிருந்து தொடங்கி ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கத்திலும் மீட்டரை வைத்து, சுமை இருக்கும்போதே அளந்துகொண்டு போங்கள். இடையறாது இயங்கும் கருவிக்கு 14 வோல்ட் அமைப்பில் (12 வோல்ட் பேட்டரி கொண்ட அமைப்பு, மின்னேற்றம் நடக்கும்போது 14 வோல்ட்டில் ஓடுவதால் இந்தப் பெயர்) வழி முழுவதும் சேர்ந்து 0.5 வோல்ட் இழப்பு, சற்று நேரமே இயங்குவதற்கு 1 வோல்ட் இழப்பு என்பதே விமான வயரிங்கில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை.

வயர்களில் குறையில்லை, பேட்டரியும் புதியது, ஆனாலும் திரை அணைகிறது என்றால், என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு திரைக்கு மின்சாரம் தரும் தனிச் சுவிட்சோ, திரைக்கென்று ஒரு சிறிய துணைப் பேட்டரியோ வைக்கலாம். அது செலவு மிகுந்த தீர்வு. மேலே சொன்ன அளவீடுகளை முடிக்காமல் அதற்குப் போனால், கெட்ட இணைப்பு மறைந்துகொண்டு வளரும்.

அறிகுறி 3: ஒரு சுவிட்சைப் போட்டால் தொடர்பில்லாத வேறொரு கருவி துள்ளுகிறது

தரையிறங்கும் விளக்கைப் போட்டதும் எண்ணெய் வெப்பநிலை 10 டிகிரி ஏறுகிறது. ரேடியோவில் பேசினால் எரிபொருள் அளவு குறைகிறது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) மோட்டார் ஓடினால் எண்ணெய் அழுத்தம் ஆடுகிறது. இந்த அறிகுறிக்கு மட்டும் நான் நீண்ட நேரம் ஒதுக்குவேன். ஏனெனில் பலர் இதற்காகச் சென்சாரை மாற்றுகிறார்கள், பிறகு கருவியை மாற்றுகிறார்கள், துள்ளல் மட்டும் போவதில்லை.

காரணம் எர்த். ஒற்றை வயர் கொண்ட சென்சார் என்ஜினின் உடலையே தன் எர்த்தாகக் கொள்கிறது. கருவியோ கருவிப் பலகையின் பின்னால் வேறோர் இடத்தில் எர்த் ஆகிறது. அந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் உருவாகும் எந்த வோல்ட்டேஜும் சென்சாரின் அளவோடு சேர்ந்துவிடும். என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதைச் சட்டகத்தோடு மின்வழியில் இணைப்பது பின்னல் எர்த் பட்டை ஒன்றுதான். அந்தப் பட்டையின் இணைப்பில் 0.05 ஓம் மின்தடை மட்டுமே கூடியிருந்தாலும், 10 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது 0.5 வோல்ட் அங்கே நின்றுவிடும். ஆல்டர்னேட்டர் என்ஜின் உடலையே எர்த்தாகக் கொண்டிருக்கும் அமைப்பில் இது எளிதில் நடக்கும்.

சோதனை இது: மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவுக்கு மாற்றி, ஒரு முனையை என்ஜின் உடலின் வண்ணம் பூசாத இடத்திலும், மறு முனையை அந்தக் கருவியின் எர்த் ஊசியிலும் பொருத்துங்கள். ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணையுங்கள். எந்தச் சுவிட்சுக்கு எண் பெரிதாகத் தாவுகிறதோ, அந்தச் சுமையின் திரும்பு வழியில்தான் கோளாறு. ஸ்டார்ட்டர் சுழலும்போது எர்த் பட்டையின் இரு முனைகளுக்கு இடையே 0.3 வோல்ட்டுக்கு மேல் தெரிந்தால் பட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

சுத்தம் செய்வதென்றால் மேலோட்டமாகத் தேய்ப்பதல்ல. போல்ட்டைக் கழற்றி, தகட்டிலுள்ள வண்ணத்தையும் ஆக்சைடையும் உலோகம் பளிச்சிடும்வரை நீக்கி, பற்கள் கொண்ட வாஷரோடு இறுக்கி, அதன்பின் மேலே ஈரம் புகாத பூச்சு கொடுக்க வேண்டும். பின்னலில் பச்சை நிறம் ஏறியிருந்தால் பட்டையையே மாற்றிவிடுங்கள். அதன் விலை எந்தச் சென்சாரின் விலையையும்விடக் குறைவு. பட்டை முற்றிலும் அறுந்த விமானத்தில் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் முழுவதும் திராட்டில், சோக் இரும்புக் கேபிள்களின் வழியாகத் திரும்பி அவற்றைச் சூடாக்கும். என்ஜினைத் தொடங்கிய பிறகு அந்தக் கேபிள்கள் கடினமாக நகர்ந்தாலோ, உறையில் கருகல் தெரிந்தாலோ, அவற்றை மாற்றி உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை அந்த விமானம் தரையிலேயே இருக்கட்டும்.

எர்த் பட்டை நன்றாக இருந்தும் துள்ளல் தொடர்ந்தால், பலகையின் பின்னால் எர்த்துகள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். அருகிலிருந்த ஏதோவொரு திருகில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எர்த் ஆகியிருந்தால், என்ஜினுக்கும் விமானி அறைக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புத் தகட்டில் ஒரே பித்தளைக் கட்டையை நிறுவி, எல்லா எர்த் வயர்களையும் அங்கே கொண்டுவந்து சேர்ப்பதே நிலையான தீர்வு. வேலை அதிகம், பொருட்செலவு குறைவு.

அறிகுறி 4: ஹெட்செட்டில் இரைச்சல்

முதலில் இரைச்சலின் குணத்தைக் கேட்டுப் பிரித்தறியுங்கள்.

*என்ஜினின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஊளை:* மின்னேற்ற அமைப்பிலிருந்து வருகிறது. ரேடியோவின் ஒலியளவை முழுதும் குறைத்தும் ஊளை அப்படியே இருந்தால் அது ஒலி வயர்களின் வழியாக நுழைகிறது. அப்போது மைக் ஜாக்கையும் ஹெட்போன் ஜாக்கையும் பாருங்கள். அவை உலோகப் பலகையைத் தொடாதபடி, இரு பக்கமும் மின்கடத்தா வாஷர் போட்டுப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். அவற்றின் எர்த் இன்டர்காம் (ஹெட்செட்டுகளை இணைக்கும் உட்பேச்சுக் கருவி) வரை தனி வயரில் போக வேண்டும். அந்த வாஷர் உடைந்து ஜாக் பலகையைத் தொடுவதே நான் மிக அதிகமாகக் கண்ட காரணம். வயர்களின் ஷீல்டு வலையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பதையும் இதோடு சரிபாருங்கள்.

வாஷர்கள் நன்றாக இருந்தால், இன்டர்காமுக்கு வரும் மின்வயரைக் கழற்றிவிட்டு, தனியான ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதற்கு மின்சாரம் கொடுங்கள். ஊளை போய்விட்டால் அது மின்வழியில் வந்தது. வடிகட்டி ஒன்று வைத்தால் தீரும். போகவில்லை என்றால் எர்த் பாதையில்தான் இருக்கிறது. எத்தனை வடிகட்டி வைத்தாலும் தீராது. ரோட்டாக்ஸ் 912 என்ஜினாக இருந்தால், மின்னேற்ற வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வெளியீட்டில் 22,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் இருக்கிறதா, அது வீங்கியோ கசிந்தோ இருக்கிறதா என்று வடிகட்டி வாங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

*சீரான 'டிக், டிக்':* மினுக்கு விளக்கின் தாளத்தோடு ஒத்துப்போனால் அந்த விளக்கின் மின்வயர் ஒலி வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் பிரித்து எதிரெதிர்ப் பக்கமாகக் கொண்டுபோங்கள். தவிர்க்க முடியாமல் குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

*எல்இடி விளக்கைப் போட்டதும் 'உஷ்' என்ற சத்தம்:* ரேடியோவின் ஆன்டெனா கேபிளைக் கழற்றுங்கள். சத்தம் நின்றால் அது காற்றின் வழியே ஆன்டெனாவுக்கு வருகிறது; விளக்கின் உள்ளிருக்கும் மின்சுற்று கதிர்வீசுகிறது. மோட்டார் உதிரிபாகக் கடையில் வாங்கிய விளக்குகளில் இது சாதாரணம். விளக்கை மாற்றுவதே நல்லது. ஆன்டெனா கழன்றிருக்கும் நேரத்தில் பேசும் பொத்தானை ஒருபோதும் அழுத்தாதீர்கள், ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம்.

அறிகுறி 5: எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் பேசுவது போய்ச் சேரவில்லை

பேசும் பொத்தானை அழுத்தும்போது ரேடியோவில் ஒலிபரப்புக் குறி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பொத்தானும் அதன் வயரும்தான். கட்டுப்பாட்டுத் தண்டுக்குள் ஓடும் அந்த வயர் ஒவ்வோர் அசைவிலும் வளைவதால், தண்டின் அடியில்தான் அறுகிறது. ஓம் மீட்டரை மாட்டிவிட்டுத் தண்டை நான்கு திசையிலும் முழுதும் அசைத்தால் வெளிப்படும். குறி தானாகவே தொடர்ந்து தெரிந்தால், வயர் உரிந்து எர்த்தைத் தொடுகிறது. அந்த அலைவரிசையில் யாருமே பேச முடியாதபடி உங்கள் ரேடியோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

குறி தெரிகிறது, எதிர்முனைக்குக் கேட்பது வெறும் அலை மட்டும் என்றால், மைக் வயரையும் ஜாக்கையும் பாருங்கள். வேறொரு ஹெட்செட்டை மாட்டிப் பார்ப்பது அரை நிமிட வேலை. எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள்.

குரல் போகிறது, ஆனால் தூரம் போகவில்லை என்றால், பேசும்போது ரேடியோவின் மின்ஊசியில் வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒலிபரப்பும்போது இரண்டு மூன்று ஆம்பியர் இழுப்பதால் கெட்ட கிரிம்ப் அப்போதுதான் தெரியும். அதன்பின் ஆன்டெனா கேபிள். கேபிளின் இரு முனையையும் கழற்றி, நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையே ஓமை அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. மழைநீர் புகுந்த கேபிளில் ஷீல்டு கறுத்திருக்கும். அதை வெட்டிச் சரிசெய்ய முடியாது. மாற்றும்போது ஆர்ஜி-58 வாங்காமல் வெள்ளிப் பூச்சும் இரட்டை ஷீல்டும் கொண்ட ஆர்ஜி-400 வாங்குங்கள். விலை கூடுதல்தான், நம் ஈரத்துக்கு அது தாங்குகிறது.

மரத்தாலோ கண்ணாடியிழையாலோ ஆன விமானமாக இருந்தால், ஆன்டெனாவின் அடியில் உலோகத் தளம் இல்லாததே பலவீனத்துக்குக் காரணமாக இருக்கலாம். சுமார் 57 சென்டிமீட்டர் நீளமுள்ள நான்கு செம்புப் பட்டைகளை ஆன்டெனாவின் அடியிலிருந்து நான்கு திசையில் ஒட்டினால் பெரும் மாற்றம் தெரியும். இதற்கு மேல், 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் அலைத்திரும்பு மீட்டர் (எஸ்டபிள்யூஆர் மீட்டர்) தேவை. அதில் 3-க்கு 1 என்ற விகிதத்தைத் தாண்டினால் ஆன்டெனாவும் கேபிளும் ஒத்துப்போகவில்லை. அந்த மீட்டர் இல்லாதவர்கள் இந்த இடத்தில் ஏவியானிக்ஸ் பட்டறையை அழைப்பதே சிக்கனம்.

அறிகுறி 6: சில அலைவரிசைகளில் பேசும்போது மட்டும் ஜிபிஎஸ் இடத்தை இழக்கிறது

ஜிபிஎஸ் 1575.42 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ரேடியோவோ தான் பேசும் அலைவரிசையின் மடங்குகளிலும் சிறிது கதிர்வீசும். 121.175-ஐ 13 மடங்காக்கினாலும் 131.275-ஐ 12 மடங்காக்கினாலும் அதனருகே போய் விழும். இந்த எண்களின் அருகில் பேசிப் பாருங்கள். அங்கே மட்டும் ஜிபிஎஸ் விழுந்தால் ஜிபிஎஸ் ஆன்டெனாவை ரேடியோ ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால் ரேடியோவின் கேபிளில் அதற்கான தடுப்பு வடிகட்டி பொருத்தலாம். எல்லா அலைவரிசையிலும் விழுந்தால் ஆன்டெனா கேபிளின் கனெக்டர் கெட்டிருக்கலாம்.

அறிகுறி 7: என்ஜின் சூடாகச் சூடாக ஒரு சிலிண்டரின் வெப்பநிலை குறைந்துகொண்டே போகிறது

வெப்ப இணைச் சென்சாரின் (தெர்மோகப்பிள்) இரு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. அமெரிக்க நிறமுறையில் கே வகைக்கு மஞ்சளும் சிவப்பும், ஜே வகைக்கு வெள்ளையும் சிவப்பும். இரண்டிலும் சிவப்புதான் எதிர்முனை. பேட்டரி வயரில் சிவப்பு நேர்முனை என்று பழகிய கை இங்கே தவறிவிடுகிறது. அளவு தலைகீழாக இல்லாமல் சற்றே பிசகினால், யாரோ சாதாரணச் செம்பு வயரால் நீட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதே உலோக வகை நீட்டிப்பு வயரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி 8: திரைகள் ஒன்றோடொன்று பேசவில்லை

கேன் பஸ் (கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் இரு வயர் இணைப்பு) அமைப்பாக இருந்தால் மின்சாரத்தை அணைத்து, அதன் இரு வயர்களுக்கு இடையே ஓமை அளவுங்கள். 60 காட்டினால் வயரிங் சரி. 120 என்றால் ஒரு முனையில் முடிவுத்தடை (பஸ்ஸின் இரு முனையிலும் வைக்கும் 120 ஓம் மின்தடை) இல்லை அல்லது நடுவில் வயர் அறுந்திருக்கிறது. 40 என்றால் ஒரு தடை கூடுதலாக இருக்கிறது. இதைவிட எளிய சோதனை இந்த விமானத்தில் வேறில்லை.

அறிகுறி 9: பிரேக்கர் மீண்டும் மீண்டும் விழுகிறது

பறக்கும்போது விழுந்த பிரேக்கரை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), அந்தக் கருவி இல்லாமல் பத்திரமாக இறங்க முடியும் என்றால், தொடாதீர்கள். தரையில் ஆற அமரப் பாருங்கள். பெரிய பிரேக்கரைப் போட்டுவிடலாம் என்ற யோசனையை அடியோடு விலக்குங்கள். 22 கேஜ் (வயரின் தடிமன் எண், எண் கூடினால் வயர் மெல்லியது) வயருக்கு 5 ஆம்பியர், 20-க்கு 7.5, 18-க்கு 10 என்பவை வயர் தாங்கும் அளவுக்காக வைத்தவை.

கருவியின் கனெக்டரைக் கழற்றுங்கள். பிரேக்கர் நின்றால் கோளாறு கருவிக்குள்ளே. அதைப் பட்டறைக்கு அனுப்பலாம், இப்போது அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. கழற்றியும் விழுந்தால் வயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. பிரேக்கரின் இடத்தில் அந்த 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழுதாக எரியும், வயருக்குத் தீங்கு வராது. பிறகு கட்டுக்கட்டாக வயர்களை மெதுவாக அசைத்துக்கொண்டு போனால், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் உரிந்திருக்கிறது. தகட்டுத் துளைகளின் விளிம்பு, கதவுக்கீல், இருக்கைத் தண்டவாளம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

எலிகளையும் மறக்காதீர்கள். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கொட்டகையில் அவை வராமலிருக்காது. தோட்டங்களே எலிகளுக்காகக் கூகைப் பெட்டிகளை நட்டு வைத்திருக்கின்றன. கடித்த வயர் ஒன்று தெரிந்தால் அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாற்றும்போது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி உறை வயரைத் தவிருங்கள். எரிந்தால் அதன் புகை சிறிய விமானி அறையில் மூச்சையும் கண்ணையும் ஒருசேர மறைக்கும். விமானத்துக்குரிய டெஃப்செல் உறை வயரை வரவழைத்து, ராட்செட் கிரிம்ப் கருவியால் இணையுங்கள். புகையோ கருகல் நாற்றமோ ஒரு முறை வந்திருந்தாலும், பொறியாளர் ஒருவர் கட்டைத் திறந்து பார்க்காமல் மாஸ்டர் சுவிட்சை மீண்டும் போட வேண்டாம்.

அறிகுறி 10: இக்னிஷனை அணைத்தும் என்ஜின் நிற்கவில்லை

எரிபொருளை அடைத்து என்ஜினை நிற்க விடுங்கள். மேக்னீட்டோவையும் (பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி) ரோட்டாக்ஸின் இக்னிஷனையும் எர்த் செய்துதான் நிறுத்துகிறோம். ஆகவே அந்த வயர் அறுந்தால் சுவிட்ச் 'அணை' என்று காட்டினாலும் இக்னிஷன் உயிரோடு இருக்கும், கையால் விசிறியை நகர்த்தினாலே என்ஜின் உதைக்கக்கூடும். புறப்படுவதற்கு முந்தைய சோதனையில் ஒரு பக்க இக்னிஷனை அணைக்கும்போது சுழற்சி வேகம் சற்றும் குறையவில்லை என்றால், அதுவும் இதே கோளாறின் முதல் அடையாளம்.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: சுவிட்சின் பின்புறத்தில் கழன்ற முனை இருக்கிறதா என்று தொடாமல் கண்ணால் பார்ப்பது. இக்னிஷன் பக்கத்தில் வயரைக் கழற்றி அளப்பதே இக்னிஷனை உயிர்ப்பிக்கும் செயல் என்பதால், ஸ்பார்க் பிளக் வயர்களை முதலில் கழற்றிவிட்டு முறைப்படி செய்யத் தெரிந்த பொறியாளரே இதைத் தொட வேண்டும். அவர் வரும்வரை விசிறியில் சிவப்புத் துணியைக் கட்டி, 'இக்னிஷன் உயிரோடு இருக்கிறது, தொடாதீர்கள்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதித் தொங்கவிட்டு, கொட்டகையைப் பூட்டி வையுங்கள்.